புது 350-ஆ, பழைய 650-ஆ? சேர்மாதேவி – பாளை தினசரி ஓட்டத்துக்கு எது சரிப்படும்?

சேர்மாதேவிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு சேர்மாதேவி, வேலை பாளையங்கோட்டையில். போக வர நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். இப்போது ஓட்டுவது 125 சிசி வண்டி, அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வயது நாற்பதைத் தாண்டியாச்சு, இப்போது வாங்காவிட்டால் அப்புறம் முதுகும் முழங்காலும் வாங்க விடாது என்று தோன்றுகிறது. பார்க்கப் பழைய காலத்து வண்டி மாதிரி உருண்டை விளக்கும் பெட்ரோல் டேங்க்குமாக இருக்கணும், அதே நேரம் வாரத்துக்கு ஒரு தடவை பட்டறை வாசலில் என்னை நிற்க வைக்கக் கூடாது.

கையில் மூன்று லட்சத்துக்குள் இருக்கிறது. கடன் வாங்கும் எண்ணம் இல்லை. புது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுக்கலாம், ஹோண்டா சிபி350-யும் மனதில் இருக்கிறது. இல்லையென்றால் நாகர்கோவிலில் ஒருத்தர் என்ஃபீல்டின் 2021 மாடல் இன்டர்செப்டர் 650 விற்கிறார், ஸ்போக் சக்கரம், ஒரே கை வண்டி என்கிறார். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பணம்தான் ஆகிறது, அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். மனைவி பெரும்பாலும் சேலைதான், ஒரு பக்கமாகத்தான் உட்காருவார். எப்போதாவது திருச்செந்தூர், சாரல் விழுந்தால் குற்றாலம், அவ்வளவுதான் நம்ம உலகச் சுற்றுப்பயணம். யூடியூபில் இருக்கிற எல்லா வீடியோவும் பார்த்தாச்சு, ஆனால் அதில் ஓட்டுகிறவர்கள் யாரும் வைக்கோல் லாரிக்குப் பின்னால் சேர்மாதேவி ரோட்டில் போனவர்கள் மாதிரித் தெரியவில்லை. வைத்து ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள். முக்கியமாகச் சூடு, எடை, பராமரிப்பு இந்த மூன்றும்.

வள்ளியூர் இரட்டைக்குழல்:

அண்ணாச்சி, நான் 650-காரன், அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், கழித்துவிட்டுப் படியுங்கள்.

கிளாசிக்கில் 349 சிசி, 20 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர். இன்டர்செப்டரில் 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன், 52 நியூட்டன் மீட்டர். இந்தக் கணக்கெல்லாம் காகிதத்தில். ரோட்டில் என்னவென்றால், நாங்குநேரி தாண்டி பின்னால் ஆளும் நடுவில் பையுமாக 80-ல் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் ஒரு டிப்பர் வந்தால், கிளாசிக்கில் முந்துவதற்கு யோசிக்கணும், கியரைக் குறைக்கணும், எதிரேயும் கண்ணாடியிலும் பார்க்கணும். 650-ல் கையை லேசாகத் திருப்பினால் டிப்பர் பின்னால் போயிருக்கும். வேகத்துக்காகச் சொல்லவில்லை, லாரிக்குப் பக்கவாட்டில் நாம் இருக்கிற நேரம் குறைகிறது, அதுதான் எனக்குப் பெரிசு. 90-க்கு மேல் 350-ல் கால் வைக்கும் இடத்தில் அதிர்வு தெரியும், 650 அந்த வேகத்தில் தூங்கிக்கொண்டு போகும்.

அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் எங்க ஊர்ப் பக்கம் வந்தால் தெரியும். பணகுடி தாண்டியதுமே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று வலது பக்கம் அறையும், காவல்கிணறு வரைக்கும் வண்டியைச் சாய்த்துப் பிடித்தே நேராக ஓட்ட வேண்டியிருக்கும். பஸ் ஒன்று வலது பக்கம் நம்மை முந்தும்போது காற்று சட்டென்று நின்றுபோகும், பஸ் போனதும் மறுபடி அடிக்கும், அந்த இடத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்க்கை அணைத்து, 60-க்கு வந்துவிட வேண்டும். எடையுள்ள வண்டி இதில் கொஞ்சம் உதவும்.

சூட்டைக் கேட்டீர்கள். எண்ணெய்க் குளிர்விப்பான் இருக்கிறது, ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. சித்திரை வெயிலில் வண்ணாரப்பேட்டை சிக்னலில் நின்றால் எல்லா வண்டியும் சுடத்தான் செய்யும், இது கொஞ்சம் கூடவே சுடும். மைலேஜ் 25 கிடைக்கிறது. எடுங்க அண்ணாச்சி, இந்த வயதில் எடுக்காமல் எப்போது எடுக்கப் போறீங்க?

வலதுகாலில் கியர்:

தம்பி, காற்றைப் பற்றி வள்ளியூர்க்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் நீங்கள் தினமும் போகப்போவது கணவாய்க்கு இல்லை, பாளைக்கு. அதில் எத்தனை இடத்தில் ஐந்தாவது கியர் போடுவீர்கள்? நான்கு வழிச்சாலையிலேயே இரு சக்கர வண்டிக்கு 2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகம் 80 கி.மீ.தான். 47 குதிரையையும் கட்டித் தீனி போட்டு வளர்த்து, தினம் நாலு குதிரையை மட்டும் வண்டியில் பூட்டுகிற கதை இது.

பணத்தைப் பேசுவோம். 350 சிசி என்கிற இடத்தில் அரசாங்கம் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதற்கு மேலே போனால் 40. கிளாசிக், ஹோண்டா இரண்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம். புது 650 விலை ஏறியதால் பழைய 650-க்கும் ஓனர்கள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு விலை சொல்லுகிறார்கள், அதையும் மனதில் வைத்துப் பேரம் பேசுங்கள். இன்சூரன்ஸிலும் அதே கோடுதான். மூன்றாம் நபர் காப்பீடு 2022-ல் நிர்ணயித்தபடி 150-லிருந்து 350 சிசி வரை வருஷத்துக்கு 1,366 ரூபாய், 350-க்கு மேல் 2,804 ரூபாய், வரி தனி. புது வண்டிக்கு ஐந்து வருஷம் சேர்த்துக் கட்டும்போது 7,365-க்கும் 15,117-க்கும் உள்ள வித்தியாசம். பெட்ரோல்? மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்தால் 650 நாற்பது லிட்டர் குடிக்கும், 350 முப்பதுக்குள் முடித்துக்கொள்ளும். நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற பெட்ரோலில் மாதம் ஆயிரத்துக்கு மேல் போகும். பெரிய பணம் இல்லைதான், ஆனால் கடைசி வரைக்கும் போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, இந்தப் புது வண்டிகள் எதிலும் கிக்கர் கிடையாது. கிளாசிக்கிலும் இல்லை, 650-யிலும் இல்லை. என்னிடம் இருக்கிற பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம், பாயின்ட் செட் பண்ணணும், டீகம்ப்ரஷரைப் பிடித்து ஆம்பியர் முள்ளைப் பார்த்து உதைக்கணும், ஆனால் பேட்டரி செத்தாலும் வீடு வந்து சேரும். புதுசில் பேட்டரி இறங்கினால் பெட்ரோல் பம்பே ஓடாது, இருநூறு கிலோவைத் தள்ளிப் பார்த்தாலும் பலன் இல்லை. அதனால் எது வாங்கினாலும் பேட்டரி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், மூன்று நான்கு வருஷத்தில் மாற்றிவிடுங்கள்.

இந்த என்ஃபீல்டு, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து நம்ம மாநிலத்தில் ஆரம்பித்தது. இன்றைக்கு இங்கிலாந்துக்காரன் நம்ம ஊர் 650-ஐ வாங்கி ஓட்டுகிறான். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் உங்களுக்கு என் ஓட்டு 350-க்கு.

மீட்டியோர் அக்கா, பாளை:

சார், நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஷிஃப்ட் முடிந்து ராத்திரி நேரத்தில் வண்டியெடுக்கிறவள். என்ஃபீல்டின் மீட்டியோர் 350 ஓட்டுகிறேன். எல்லோரும் வண்டி ஓடும்போது எப்படி இருக்கும் என்றே பேசுகிறீர்கள், நிற்கும்போது எப்படி என்று யாரும் சொல்லவில்லையே.

ஓடும்போது இரண்டு கிலோவும் இருநூறு கிலோவும் ஒன்றுதான் என்று சொல்லுவார்கள், பாதி உண்மை. மீட்டியோர் 191 கிலோ, கிளாசிக் 195, ஹோண்டா 180-க்குக் கொஞ்சம் மேலே. இன்டர்செப்டர் பெட்ரோல் ஊற்றாமலேயே 202. இதெல்லாம் ரோட்டில் தெரியாது. வீட்டு வாசலில் சரிவு ஏற்றி உள்ளே தள்ளும்போது தெரியும், ஸ்டாண்டில் பத்து ஸ்கூட்டருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு பின்னால் எடுக்கும்போது தெரியும். ஸ்கூட்டரை எல்லாம் நகர்த்தி அடுக்குகிற ஸ்டாண்ட் அண்ணன் என் வண்டியைப் பார்த்தால் கையைத் தூக்கிவிடுவார். மீட்டியோர் சீட் 765 மில்லிமீட்டர், எனக்கு இரண்டு காலும் பதியும், அதனால் சமாளிக்கிறேன். கிளாசிக் 805, இன்டர்செப்டர் 804, ஹோண்டா 800. உங்கள் உயரத்துக்கு எல்லாமே எட்டும், ஆனால் நுனிக்காலா முழுக்காலா என்று சரளைக் கல்லில் நிறுத்திப் பாருங்கள், ஷோரூம் டைல்ஸில் பார்த்தால் தெரியாது.

இன்னொரு விஷயம். உங்கள் வீட்டம்மா சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காருவார் என்கிறீர்கள். இன்டர்செப்டருக்கு இரண்டு சைலன்சர், இடது பக்கமும் ஒன்று உண்டு. கால் தொங்குகிற பக்கம் அதுதான். கிளாசிக், மீட்டியோர், ஹோண்டா மூன்றிலும் சைலன்சர் வலது பக்கம் மட்டும்தான். சேலைக் கரை பட்டுப் பொசுங்கினால் அப்புறம் வண்டி வீட்டில் இருக்குமா, நீங்கள் இருப்பீர்களா என்பது வேறு கேள்வி.

சேர்மாதேவிக்காரன்:

அந்த இடது சைலன்சரை ஒரு வீடியோக்காரனும் சொல்லவில்லை! வீட்டில் வாசித்துக் காட்டினேன், சிரிப்பு நிற்கவில்லை, அப்புறம் "அந்த வண்டியை ஒருதரம் கண்ணால பார்க்கணும்" என்று வந்துவிட்டது. இரண்டு நாள் முன்னால் கிளாசிக்கை ஓட்டிப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்ததுமே பழகின வண்டி மாதிரி இருந்தது, மூன்றாவது கியரில் முப்பதில் போனாலும் திணறவில்லை, அது ரொம்பப் பிடித்தது. கிளட்ச் மட்டும் என் 125-ஐவிடக் கனம். ஹோண்டாவின் கிளட்ச் வெண்ணெய். ஆனால் பார்வைக்கு கிளாசிக்தான்.

வள்ளியூர் அண்ணாச்சி, சைலன்சர் விஷயம் உண்மையா? பஞ்சர் ஆனால் என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

வள்ளியூர் இரட்டைக்குழல்:

உண்மைதான், மறைக்கவில்லை. சேலை கார்டு மேலே இருக்கும், சைலன்சர் அதற்குக் கீழே, காலை வெளியே தள்ளி வைத்தால் படாது, ஆனால் குற்றாலம் வரைக்கும் ஒரு மனுஷி காலைத் தள்ளியே வைத்திருக்க முடியுமா. எங்க வீட்டில் சுடிதார் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதால் எனக்கு இது தோன்றவே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. மற்றதில் எல்லாம் என் கட்சி அப்படியேதான். பஞ்சர் கேள்விக்கு உவரிக்காரர் வரட்டும், அவர்தான் அதில் அனுபவசாலி.

உவரி உப்புக்காற்று:

வந்தாச்சு. ஸ்போக் சக்கரம் என்றால் உள்ளே டியூப். முள் குத்தினால் உடனே காற்று இறங்கும், நின்ற இடத்தில் திரி குத்தி அடைக்கிற வேலை நடக்காது, சக்கரத்தைக் கழற்றியே ஆகணும். நம்ம பக்கம் ரோட்டோரம் முழுக்க உடைமுள், சொல்லவே வேண்டாம். நல்ல வேளையாக இன்டர்செப்டரிலும் கிளாசிக்கிலும் சென்டர் ஸ்டாண்டு இருக்கிறது, அதனால் திசையன்விளை மாதிரி ஊரில் பஞ்சர் கடைக்காரர் கொஞ்சம் முனகிவிட்டுச் செய்து கொடுப்பார். கையில் ஒரு டியூப் வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்செப்டரின் பின் சக்கரம் 18 அங்குலம், அளவு 130/70. கடையில் 18 அங்குலம் என்று ஸ்பிளெண்டர் டியூப்பை எடுத்து நீட்டுவார்கள், அது ஒல்லி, அதைப் போட்டுக்கொண்டு தூரம் போகாதீர்கள்.

2023-க்குப் பிறகு வந்த இன்டர்செப்டரில் சில நிறங்களுக்கு அலாய் சக்கரம், டியூப்லெஸ் வந்தது. கிளாசிக்கிலும் அலாய் வைத்த மாடல் உண்டு. பார்ப்பதற்கு ஸ்போக் அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆள் அரவமில்லாத இடத்தில் மனைவியோடு நிற்கும்போது அழகு சாப்பாடு போடாது.

கடற்கரைப் பக்கம் அடிக்கடி வருவீர்கள் என்றால் துரு ஒரு தொல்லை. திருச்செந்தூர், உவரி போய்வந்த மறுநாள் சோப்பு வேண்டாம், நல்ல தண்ணீர் மட்டும் அடித்து ஸ்போக், சைலன்சர் வளைவு, செயின் எல்லாம் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டுவிடணும். செயினுக்கு எப்படியும் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை போடணும், உங்கள் ஓட்டத்துக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை என்று ஆகும். தேரிப் பக்கம் செம்மண் காற்றில் பறந்து ரோட்டில் படிந்து கிடக்கும், வளைவில் முன் பிரேக்கை அமுக்கினால் சக்கரம் போய்விடும். நிறுத்தும்போது சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு சப்பைக் கல் வையுங்கள், இல்லையென்றால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வண்டி மண்ணில் படுத்திருக்கும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளை அதற்குத் தகுந்தபடி செய்கிறார்கள், நீங்கள் பார்க்கிற 2021 வண்டி அதற்கு முந்தியது. தினம் ஓடினால் பயப்பட வேண்டாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி டேங்க்கோடு வாரக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

டவுன் பட்டறை:

மேலே எல்லோரும் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் ரத வீதிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன், இரண்டு ரக வண்டியும் கைக்கு வருகிறது. எது வாங்கணும் என்று சொல்ல மாட்டேன், வாங்குகிறவர் சந்தோஷம் வேறு, ஓட்டுகிறவர் சந்தோஷம் வேறு, இரண்டும் ஒரே ஆள் என்றாலும். பழைய 650 பார்க்கப் போவதாக இருந்தால் எதைப் பார்க்கணும் என்று மட்டும் சொல்கிறேன்.

என்ஜின் தைரியமானது. பெரிய வேலை அபூர்வமாகத்தான் வருகிறது. டேப்பட் ஸ்க்ரூவும் லாக் நட்டும் வைத்து அட்ஜஸ்ட் பண்ணுகிற மாதிரிதான் கொடுத்திருக்கிறார்கள், ஃபீலர் கேஜ் பிடிக்கத் தெரிந்த எந்தப் பட்டறையிலும் செய்யலாம். ஆயில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று கம்பெனி சொல்கிறது, நம்ம வெயிலுக்கும் டவுன் நெரிசலுக்கும் கொஞ்சம் முன்னாடியே மாற்றச் சொல்வேன், அது என் கருத்து. வேலை வைப்பது சுற்றி இருக்கிற சாமான்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒரு ஆளைப் பின்னால் அமுக்கச் சொல்லி, முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாக இடம் வலம் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் கடக்கென்று உட்கார்ந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்புகிற பேரிங், போய்விட்டது. ஃபோர்க்கில் கையை வைத்து இழுத்தால் எண்ணெய் ஒட்டக்கூடாது. ஸ்போக்கை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கணும், ஒன்று மட்டும் சொத்தையாக ஒலித்தால் தளர்ந்திருக்கிறது. அடியில் குனிந்து சைலன்சர் வளைவும் சென்டர் ஸ்டாண்டும் வேகத்தடையில் உரசின தழும்பு பாருங்கள், தரையிலிருந்து 174 மில்லிமீட்டர்தான் இடைவெளி, இரண்டு பேர் போனால் நம்ம ஊர் வேகத்தடையில் தட்டாமல் வந்த வண்டியை நான் பார்த்ததில்லை. லேசான கோடு சரி, பள்ளம் என்றால் ஓனர் ஓட்டின விதம் அதிலேயே தெரியும்.

சத்தமான சைலன்சர் மாற்றியிருந்தால் பழசு எங்கே என்று கேளுங்கள். அதைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது சட்டப்படி தப்பு, பிடித்தால் அபராதம் உங்களுக்குத்தான், பழைய ஓனருக்கு இல்லை.

காகிதம். டிஎன் 74, அதாவது நாகர்கோவில் பதிவு வண்டி, நம்ம மாநிலம்தான், அதனால் வரியில் வம்பு இல்லை. ஆரியங்காவு தாண்டிப் போய் மலிவாகக் கிடைக்கிறது என்று கேரளப் பதிவு வண்டியை எடுக்கிறவர்கள்தான் தடையில்லாச் சான்றுக்கு அலைந்து, இங்கே மறுபடி ஆயுள் வரியும் கட்டி, கடைசியில் மலிவில்லை என்று வருவார்கள். நீங்கள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து, ஆர்சியில் பைனான்ஸ் பெயர் இருந்தால் படிவம் 35, பரிவாகன் தளத்தில் பாக்கி அபராதம், இந்த நான்கையும் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். டோக்கன் அட்வான்ஸ் என்று முன்னாடியே எதுவும் போட வேண்டாம்.

சேர்மாதேவிக்காரன்:

ரொம்ப நன்றி. மனசுக்குள் கிளாசிக் முக்கால்வாசி ஆகிவிட்டது, அலாய் சக்கரம் வைத்ததைக் கேட்டிருக்கிறேன், எப்போது வரும் என்று விசாரித்துச் சொல்வதாக ஷோரூமில் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் போய் அந்த 650-ஐ ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால்தான் மனசு ஆறும். வீட்டம்மாவும் வருகிறார். பஸ்ஸில்தான் போகிறோம். பட்டறை அண்ணாச்சி, வேறு ஏதாவது உண்டா?

டவுன் பட்டறை:

ஒன்று விட்டுப்போச்சு. காலையிலேயே போங்க. ஓனரிடம் முந்தின நாளே போன் போட்டு, நான் வருகிற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிடுங்க. போனதும் முதல் வேலையாக என்ஜின் மேல் கையை வையுங்க, ஜில்லென்று இருந்தால் மட்டும் சாவியைக் கேளுங்க, ஆறின என்ஜினை எடுக்கும்போதுதான் குறை தெரியும். சூடாக இருந்தால் காபி சாப்பிட்டுவிட்டு, வேறு ஒரு நாள் வருகிறேன் என்று சொல்லி வந்துடுங்க.

மீட்டியோர் அக்கா, பாளை:

சேலையிலேயே வரச் சொல்லுங்க சார் அவங்களை.